சுவரில் எழுதிய காதல்

"படிக்க முடியாத எழுத்தை எழுதுவானேன்? அதை ஓவியம் என்று கொண்டாடுவானேன்?"

நுண்கலை மன்றக் கூட்டத்தில் அரபு எழுத்தோவியங்கள் சிலவற்றின் அச்சுப்படிகளை நான் காட்டியபோது நண்பர் ஒருவர் எழுந்து கேட்ட கேள்வி இது. அவை சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கேலிக்குக் கேட்டாலும் கேள்வி நியாயமானதே. அன்று சொல்லத் தவறிய விடையை இங்கே சொல்ல முயல்கிறேன்.

அரபுக் காதற்கவிதை எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம். இஸ்லாத்துக்கு முற்பட்ட நெடும்பாடல்கள் பலவும் ஒரு வெற்றிடத்தில்தான் தொடங்குகின்றன. காதலியின் கூட்டத்தார் கூடாரங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டனர். கவிஞன் பாழிடத்தில் ஒட்டகத்தை நிறுத்துகிறான். அடுப்புக் கற்களும் மணலில் மங்கிய தடங்களுமே மீதி. இம்ருல் கைஸ் அங்கே நின்று அழுகிறார். தரஃபாவுக்கு அத்தடம் புறங்கையில் மங்கிப்போன பச்சைக்குத்தலாகத் தோன்றுகிறது. லபீதோ, வெள்ளம் மண்ணை அரித்துத் தடங்களை வெளிப்படுத்தியதை, மங்கிய ஏட்டின்மேல் எழுதுகோல் மறுபடி ஓடியதற்கு ஒப்பிடுகிறார். காதலி நின்ற இடத்தில் இப்போது ஓர் எழுத்து நிற்கிறது; அதுவும் பாதி அழிந்த எழுத்து. நண்பரே, அந்தக் கவிஞர்களாலேயே அதை முழுதும் படிக்க முடியவில்லை. முடியாததால்தான் பாடினார்கள்!

இப்பாடல்களுக்கு முஅல்லகாத் என்று பெயர். 'தொங்கவிடப்பட்டவை' என்பது பொருள். பொன்னெழுத்தில் பொறித்துக் கஅபாவின்மீது தொங்கவிட்டார்கள் என்பது பழங்கதை. அறிஞர் பலர் இதை ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் என்ன? நல்ல கவிதையின் இடம் பொதுச்சுவர் என்று ஒரு சமூகம் கற்பனை செய்திருக்கிறதே, எனக்கு அது போதும்.

இருபதாம் நூற்றாண்டில் ஈராக்கிய ஓவியர்கள் இதைத் தம் வழியில் கண்டுகொண்டனர். மதீஹா உமர் 1949இலேயே அரபு எழுத்தை ஓவியப் பொருளாக்கி வாஷிங்டனில் காட்சிக்கு வைத்தார். தொல்லியல் படித்த தியா அல் அஸ்ஸாவி 1978இல் முஅல்லகாத் பாடல்களுக்குக் கல்லச்சு ஓவியங்கள் படைத்தார். ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்டவர் ஷாகிர் ஹசன் அல் சயீத் (1925-2004). 1971இல் பாக்தாத்தில் 'ஒற்றைப் பரிமாணம்' என்ற ஓவியர் குழுவை அமைத்தவர் இவர். இவருடைய படங்களைப் பார்த்தால் தெருச்சுவர் ஒன்றை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தது போலிருக்கும். விரிசல், கீறல், யாரோ போகிற போக்கில் கிறுக்கிய எழுத்து, எண்! அழகான கையெழுத்தை இவர் தேடவில்லை. முன்பின் தெரியாத மனிதன் சுவரில் விட்டுப்போன தடத்தைத்தான் தேடினார். லபீத் மணலில் பார்த்ததை இவர் சுண்ணாம்பில் பார்த்தார் என்பது என் கருத்து. ஆசிரியர்கள் மறுக்கலாம், மறுத்தால் மகிழ்ச்சியோடு வாதிடுவேன்.

பிறகு தெருவே எழுத வந்தது. கெய்ரோவின் முகம்மது மஹ்மூத் தெருவில் 2011க்குப் பின் வரையப்பட்ட சுவரோவியங்களை 2012 செப்டம்பரில் வெள்ளையடித்து மறைத்தனர். ஓவியர்கள் திரும்பி வந்து அதன்மேலேயே வரைந்தனர். 2016இல் அதே நகரின் குப்பை சேகரிக்கும் மக்கள் வாழும் மன்ஷியத் நாசர் பகுதியில், எல் சீட் என்ற ஓவியர் ஏறத்தாழ ஐம்பது கட்டடங்களின்மேல் ஒரே எழுத்தோவியத்தைப் பரப்பினார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டுதான். முழுமையும் காண மொகத்தம் குன்றின்மேல் ஏறவேண்டும். படிக்க முடியவில்லை என்று அங்கே யாரும் முறையிட்டால், நிற்குமிடத்தை மாற்றுங்கள் என்பதுதான் பதில்.

அதே ஆண்டு டிசம்பரில் கிழக்கு அலெப்போவைவிட்டு மக்கள் வெளியேற்றப்பட்டபோது, ஓர் இளைஞர் இடிந்த தெருவின் சுவரில் எழுதினார்: முற்றுகைக் காலத்தைத் தன்னோடு பகிர்ந்துகொண்டவளை நேசிப்பதாக. அதன் புகைப்படம் உலகெங்கும் பரவியது. பழைய பாடலில் பிரிந்து போனவர்களின் தடத்தைக் கவிஞன் வந்து பார்க்கிறான். இங்கே போகிறவர்களே தடத்தை எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுவர் நிற்குமா, யார் வந்து படிப்பார் என்றெல்லாம் அவர் நினைத்திருக்க நேரமில்லை. அதில் ஓவிய நேர்த்தி எதுவுமில்லை, எழுத்து மட்டுந்தான். ஆயினும் நான் காட்டிய படங்கள் அத்தனைக்கும் அது உடன்பிறப்பு என்பேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று அரபு எழுத்தோவியம் விலைபோகும் சரக்காகவும் ஆகிவிட்டது. விடுதி முகப்புக்கும் விற்பனைக் கூடத்துக்கும் பொன்வண்ணத்தில் வளைந்து நெளிந்து எழுதித் தருகிறார்கள். அவற்றைப் பார்த்து நண்பர் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கேட்டிருப்பேன். இழப்பு எதுவும் இல்லாத இடத்தில் எழுத்தைச் சிதைப்பது வெறும் ஒப்பனை.

அரபு ஓதத் தெரிந்த வகுப்புத் தோழனிடம் என் அச்சுப்படிகளுள் ஒன்றைக் கொடுத்தேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். மூன்று எழுத்துக்களைக் கண்டுபிடித்தான்; நான்காவதில் சந்தேகப்பட்டான். படத்தை மாலையில் தருவதாகச் சொல்லி எடுத்துப்போனவன் ஒரு வாரமாகத் தரவில்லை. தந்ததும் மன்றத்துக்கு மீண்டும் கொண்டுவருகிறேன். கேள்வி கேட்ட நண்பர் இம்முறை முன்வரிசையில் உட்காரவேண்டும்.