பாதி பாட்டில் தண்ணீரும் மூவாயிரம் டாக்டர்களும்!

போன மாதம் சென்னையில் நடந்த டாக்டர்கள் மாநாடு ஒன்றுக்கு ரிப்போர்ட்டிங் போயிருந்தேன். மூன்று நாள் நிகழ்ச்சி, பெரிய ஏசி அரங்கு, சுமார் மூவாயிரம் பேர். பருவநிலை மாற்றத்தால் வரும் நோய்களைப் பற்றியும் ஓர் அமர்வு இருந்தது. அருமையான பேச்சு. நானும் மும்முரமாகக் குறிப்பெடுத்தேன்.

கடைசி நாள் சாயங்காலம், வண்டி எடுக்க அரங்கின் பின்பக்கம் போனேன். தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருவர் தரையில் உட்கார்ந்து, குவிந்து கிடந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மிச்சத் தண்ணீரை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். "தண்ணியோட போட்டா காயலான் கடையில எடுக்க மாட்டாங்க பாப்பா. ஒரு வாய் குடிச்சிட்டு அப்படியே வெச்சிட்டுப் போயிடறாங்க" என்றார்.

என் பைக்குள்ளேயே பாதி குடித்த பாட்டில்கள் இரண்டு இருந்தன. எடுத்துக் கொடுக்கவே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 பாட்டில் என்று வைத்தாலே, மூன்று நாளில் 36,000 பாட்டில்கள்! தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கப், ஸ்ட்ரா எல்லாவற்றுக்கும் தடை. ஆனால், இந்த பாட்டில்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் முடிவு மாநாட்டுக் கமிட்டியின் கையில்தான் இருக்கிறது.

இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது மக்களே. ஆங்காங்கே தண்ணீர் கேன், பக்கத்தில் ஸ்டீல் டம்ளர், கழுவ ஆள் வைத்தால் போதும். பேனரில் வருடத்தையும் தேதியையும் போடாமல் துணியில் அச்சடித்தால் அடுத்த வருடமும் அதையே மாட்டலாம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை வாசலில் ஒரு பெட்டி வைத்துத் திரும்ப வாங்கலாம். எந்தெந்த வேளை சாப்பிடுவீர்கள் என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம். கடைசி நாள் மதியம் பாதிப் பேர் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். சமைத்ததெல்லாம் அண்டாவிலேயே நிற்கிறது.

சரி, இதையெல்லாம் செய்தால் மாநாடு 'பசுமை' ஆகிவிடுமா? அங்கேதான் எனக்கு ஓர் அதிர்ச்சி.

2019 டிசம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், அமெரிக்க புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் சுமார் 28,000 பேர். அவர்கள் போய்வந்த பயணத்தை மட்டும் சில ஆய்வாளர்கள் கணக்கிட்டு, 2020-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மொத்தம் சுமார் 28.5 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! வெளியான கார்பன் சுமார் 80,000 டன். தலைக்கு 3 டன். நம் நாட்டில் ஒருவருக்கான ஆண்டு சராசரியே ஏறக்குறைய 2 டன்தான்.

ஆக, பாட்டில் நம் கண்ணுக்குத் தெரிகிற குப்பை. பயணம் கண்ணுக்குத் தெரியாத குப்பை.

அதற்கும் அவர்களே வழி சொல்கிறார்கள். அதே கூட்டத்தை நாட்டின் நடுவில் உள்ள சிகாகோவில் நடத்தினால் 12 சதவிகிதம் குறையும். வெகு தூரத்திலிருந்து வருபவர்கள், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர், ஆன்லைனில் கலந்துகொண்டால் சுமார் முக்கால் பங்கு குறைந்துவிடும்.

இதை என் பள்ளித்தோழியிடம் சொன்னேன். தென்காசிப் பக்கம் டாக்டராக இருக்கிறாள். "டிக்கெட், ரூம், பதிவுக் கட்டணம், லீவு... இதனாலயே நான் எந்த மாநாட்டுக்கும் போறதில்ல. ஆன்லைன்ல வெச்சா எனக்கு லாபம்தான்" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா, காபி குடிக்கிறப்போ பெரிய டாக்டர்கிட்ட நேர்ல பேசுற வாய்ப்பு ஸ்கிரீன்ல கிடைக்காதுடி" என்றாள்.

அதுவும் நியாயம்தானே? எனக்குத் தோன்றிய வழி இது: சென்னையில் ஒரு அரங்கு, மதுரையிலும் கோவையிலும் ஒவ்வொன்று. மூன்றையும் திரையில் இணைத்துவிடலாம். மூத்த டாக்டர்களும் மூன்று ஊருக்குப் பிரிந்து போனால், தோழிக்குக் காபியும் கிடைக்கும், பேச்சும் கிடைக்கும். விமானத்துக்குப் பதில் ரயிலோ பஸ்ஸோ போதும்.

டாக்டரோ, வக்கீலோ, ஆடிட்டரோ, உங்கள் சங்கத்தின் அடுத்த மாநாட்டுக் கமிட்டியில் நீங்கள் இருந்தால், முதல் மீட்டிங்கிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். யார் யார் எங்கிருந்து, எதில் வரப்போகிறார்கள்? எல்லோரும் போன பிறகு குப்பையைப் பிரிக்கப்போவது யார்?

கமிட்டியில் இல்லாதவர்களுக்குச் சின்ன வேலைதான். இப்போது எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் என் பையில் வீட்டு பாட்டில் இருக்கிறது. நீங்களும் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!