ஆற்றங்கரைக் கற்கள் செய்த குற்றமென்ன?

கொசோவோவில் பிரிஸ்ரென் நகருக்கு அருகே, பிஸ்திரிக்கா ஆற்றங்கரையில் ஒரு பழைய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மடம் இடிந்து கிடக்கிறது. அதிதூதர் மடம் என்று பெயர். செர்பிய மன்னர் ஸ்டீபன் துஷான் 1343-ல் கட்டத் தொடங்கியது. 1355-ல் அவர் காலமானபின் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

பிறகு துருக்கியர் ஆட்சி வந்தது, மடம் பாழடைந்தது. அதன் கற்களைக் கொண்டுபோய் 1615-ல் பிரிஸ்ரென் நகரில் சினான் பாஷா மசூதியைக் கட்டினார்கள். 1927-ல் தோண்டிப் பார்த்தபோதுதான் அஸ்திவாரமும் மன்னரின் கல்லறையும் வெளிப்பட்டன.

1990-களில் இடிபாடுகளுக்கு நடுவே துறவிகள் மீண்டும் குடியேறினர். 2004 மார்ச்சில் கலவரம் மூண்டது. காவலுக்கு இருந்த ஜெர்மன் சிப்பாய்கள் துறவிகளை அப்புறப்படுத்தி உயிரைக் காத்தனர். குடியிருப்போ எரிந்து சாம்பலாயிற்று.

1999-ல் செர்பியப் படைகளிடம் அல்பேனியர் பட்ட பாடு கொஞ்சமல்ல, மசூதிகளும் எரிந்தன. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அறுநூறு ஆண்டுக்கு முந்தைய கற்கள் செய்த குற்றமென்ன? அதேபோல, மசூதியைப் பெயர்த்தாலும் பழைய மடம் திரும்பி வராது. இரண்டையும் தங்கள் ஊர்ச் சொத்தாக அவ்வூரார் கருதுவதே முறை.

சிப்பாய் ஆளைக் காப்பாற்றலாம். கோயிலைக் காப்பது அக்கம்பக்கத்தாரின் மனந்தான். பிழைக்க வந்த ஊரில் சிறு கூட்டமாய் வாழும் நமக்கு இதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.