இரவு 2 மணிக்கு ஒரு ஸ்கேன்

பக்கவாதம் கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் டாக்டர் முதலில் அறிய வேண்டியது, மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டதா, உடைந்து கசிகிறதா என்பதையே. அடைப்பு என்றால், நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தலாம். கசிவு உள்ளவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், சி.டி. ஸ்கேன்தான் பிரித்துக் காட்டும்.

ஸ்கேன் இயந்திரம் பல மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு வந்துவிட்டது. இரவு 2 மணிக்குப் படத்தைப் பார்த்துச் சொல்ல ரேடியாலஜி நிபுணர்தான் இல்லை. இந்தக் குறையைக் கம்ப்யூட்டரைக் கொண்டு ஓரளவு போக்கலாம் என்று காட்டியவர்களில் நமது மும்பையின் கியூர்.ஏஐ நிறுவனத்தாரும் உண்டு. இந்தியாவில் சுமார் 20 மையங்களிலிருந்து 3 லட்சத்துக்கு மேற்பட்ட தலை ஸ்கேன்களைத் திரட்டி, அவற்றில் பெரும்பகுதியைக் கொண்டு கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். 2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. டில்லியிலிருந்து தனியாகப் பெற்ற 491 ஸ்கேன்களில், ரத்தக் கசிவு, மண்டையோட்டு முறிவு பற்றிய அதன் கணிப்பு மூன்று நிபுணர்களின் முடிவுடன் பெரும்பாலும் ஒத்திருந்தது. (1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் எடுத்தபோதே, கணக்குப் போட்டுப் படத்தை உருவாக்கித் தந்தது கம்ப்யூட்டர்தான். இப்போது படத்தைப் பார்க்கவும் கற்றுக் கொண்டிருக்கிறது.)

வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 'கசிவு இல்லை' என்று கம்ப்யூட்டர் சொன்னால் நோயே இல்லை என்று பொருளல்ல. அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரத்தில் படம் சாதாரணமாகவே தெரிவதுண்டு. அதை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால் விபரீதம். அவசரமான படத்தை வரிசையில் முன்னே தள்ளி, நகரத்து நிபுணரை உடனே எழுப்புவது வரைதான் கம்ப்யூட்டரின் வேலை. ரிப்போர்ட்டில் கையெழுத்தும் பொறுப்பும் டாக்டருடையதாகவே இருக்க வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் இத்தகைய மென்பொருளும் மருத்துவச் சாதனச் சட்டவிதிகளின் கீழ் வந்துவிட்டது. லைசென்ஸ் இருக்கிறதே என்று வாங்கிவிடாமல், சொந்த ஆஸ்பத்திரிகளின் பழைய படங்களில் அரசு சோதித்துப் பார்க்க வேண்டும்.

வசதி படைத்த ஆஸ்பத்திரிகளின் பில்லில் இது இன்னொரு வரியாக முடிந்துவிடக் கூடாது. கட்சிரோலியிலிருந்து நாக்பூருக்கு சுமார் 170 கிலோ மீட்டர். ஆம்புலன்ஸ் புறப்படும் முன்பே கசிவா, அடைப்பா என்று அங்கேயே தெரிந்தாக வேண்டும். அடைப்பானால் கொடுப்பதற்கு மருந்தும் அந்த ஆஸ்பத்திரியின் அலமாரியிலேயே இருக்க வேண்டும். மகாராஷ்டிர அரசு இந்த இரண்டையும் சேர்த்தே செய்யட்டும்.