பதிவேடுகளும் பதிவுறாத உழைப்பும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் கைவினைஞன் ஒருவனது குடும்ப வாழ்வைப் பொதுப் பதிவேடுகளிலிருந்தே முழுமையாக மீட்டுவிடலாம் என்னும் நம்பிக்கை குடும்ப வரலாற்றாய்வாளர் பலரிடம் வேரூன்றியுள்ளது. மன்னரும் பிரபுக்களுமே வரலாற்றுக்குரியோர் என்ற பழங்கொள்கையைத் தகர்ப்பதில் அவர்களது உழைப்புக்குப் பங்குண்டு; அதனை மறுப்பதற்கில்லை. ஆயின், பதிவேடு தானே உண்மை பேசும் எனக் கொள்வது பிறிதொரு மயக்கமாகும்.

நோர்தாம்ரன் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளி ஒருவனின் வீட்டினை எடுத்துக்கொள்ளலாம். 1837 யூலையில் தொடங்கிய சிவில் பதிவு அவனது விவாகத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் தரும். 1841 முதற்கொண்டு குடிசன மதிப்பு அவன் வீட்டாரைப் பெயர் பெயராக நிரைப்படுத்தும். (1841இல் பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுமாறு கணக்கெடுப்போர் பணிக்கப்பட்டனர். இதனை அறியாதோர், பத்தாண்டில் பதினான்கு வயது மூத்துவிட்ட பெண்ணைக் கண்டு திகைப்பதுண்டு.) தொழில் நிரலில் கணவனுக்கு நேரே தொழிற்பெயர் இருக்கும், மனைவிக்கு நேரே பெரும்பாலும் வெற்றிடமே இருக்கும். ஆனால் சப்பாத்தின் மேற்றோலைத் தைத்திணைக்கும் வேலையில் பெரும்பகுதி இத்தகைய வீடுகளிலேயே, மனைவியராலும் பெண்மக்களாலும் செய்யப்பட்டது.

அவ்வெற்றிடம் எவ்வாறு தோன்றியது? குடும்பத் தலைவன் படிவத்தை நிரப்பினான்; கணக்கெடுப்போன் அதனைப் பார்த்தெழுதினான்; இலண்டன் எழுதுவினைஞர் அதனை வகைப்படுத்தினர். 1841க்கும் 1901க்கும் இடைப்பட்ட மூலப் படிவங்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டமையால், ஆய்வாளர் காண்பது பார்த்தெழுதிய பிரதியையே. 1851ஆம் ஆண்டு அட்டவணைகளில் ‘சப்பாத்துத் தொழிலாளியின் மனைவி’ தனித்தலைப்பாக இடம்பெற்றாள். 1881இல் வீட்டுப் பணியிலுள்ள மனைவியர் தொழிலற்றோர் வகுப்பிற் சேர்க்கப்பட்டனர். பெண்ணின் கையிலிருந்த ஊசி மாறவில்லை. எழுதுவினைஞனின் தலைப்பே மாறியது. இதனை எண்பதுகளிலேயே எட்வர்ட் ஹிக்ஸ் போன்ற வரலாற்றாசிரியர் சுட்டிக்காட்டியுள்ளனர். அதன் பின்னரும் வெற்றிடத்தைச் ‘சும்மா இருந்தாள்’ என்று படிப்பது அறியாமையன்று, பிடிவாதமே.

ஏனைய ஆவணங்களும் இத்தகையனவே. விவாகப் பதிவேடு மணமக்களின் தந்தையர் பெயரையும் தொழிலையும் கேட்டது. தாய்க்கு அதில் இடமிருக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் இக்குறை 2021இலேயே நீங்கியது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1883இல் நடைமுறைக்கு வரும்வரை, மணமான பெண் கணவனின் இசைவின்றி மரணசாசனம் எழுதுதல் பொதுவாக இயலாததாயிருந்தது. எனவே தந்தை, மகன், பேரன் என இறங்கும் கிளைமரம் குடும்பத்தின் வடிவமன்று. அரசு எதனைக் கேட்டதோ அதன் வடிவமே.

பதிவில் இல்லாததை எழுதுவது கற்பனையாகும் என்பர் எதிர்வாதிகள். 1860களில் சிறுவர் தொழில் பற்றி விசாரித்த ஆணைக்குழுவின் முன் வீட்டுத் தொழில் செய்த பெண்களும் பிள்ளைகளும் தம் வேலைநேரத்தையும் கூலியையும் தாமே கூறியுள்ளனர். அச்சாகிய அவ்வறிக்கைகளும் பொதுப் பதிவேடுகளே. அவற்றைப் பிரித்துப் பாராமல் ஆதாரமின்மை பேசுவது எவ்வகையிலும் பொருந்தாது.