பட்டியலுக்குள் அடங்குமோ பெண்ணுரிமை?

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டம் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரையும் இந்நாடே கண்டது. எனினும் 2018 வரை உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் என்ற அளவிலேயே இருந்தனர்.

2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நான்கிலொரு பங்கை அவர்களுக்கென ஒதுக்கியது. 2018 பெப்ரவரித் தேர்தலின் பின் அவர்தம் தொகை ஐந்திலொன்றைத் தாண்டியது. ஆயின் அவர்கள் வந்த வழியை நோக்குக. வட்டார வேட்பாளருள் நூற்றுக்குப் பத்துப் பெண்கள் போதும். மேலதிகப் பட்டியலிலோ அரைவாசிப்பேர் பெண்களாதல் வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டுத் திருத்தம். விளைவு யாது? பெண்களுட் பெரும்பாலார் பட்டியல் வழியே சபை புகுந்தனர். பட்டியலிலிருந்து எவரை அனுப்புவதென்பதைக் கட்சியே தீர்மானிக்கும். வட்டாரமில்லாதவள் என அவளை எள்ளுதற்கும் இதுவே வாய்ப்பாயிற்று.

தகுதியுள்ள பெண்கள் இல்லையே என்பர் சிலர். கிராமத்து மாதர் சங்கத்தின் கணக்கைப் பிசகின்றி எழுதுபவள் யார்? பிரதேச சபையின் பணிகள்தாம் யாவை? ஒழுங்கை, வடிகால், சந்தை, குடிநீர், தெருவிளக்கு. நீருக்காகக் குடம் சுமப்பவளுக்கும், விளக்கெரியாத ஒழுங்கையில் மாலை வகுப்பு முடிந்து வரும் மகளுக்காகக் காத்து நிற்பவளுக்கும் இவைபற்றிப் பேசத் தகுதியில்லையாம்! வேட்புமனுவில் இடம் மறுப்போரே தகுதி கேட்கின்றனர்.

ஆதலின் வட்டார வேட்பாளருள்ளும் நான்கிலொரு பங்கினர் பெண்களாதல் வேண்டும். வெல்லத்தக்க வட்டாரங்களும் அவர்க்கு வழங்கப்படல் வேண்டும். வரவு செலவுத் திட்டம் உருவாகும் குழுக்களில் அவர்கள் அமர்தல் வேண்டும். குடம் சுமப்பவளே கிணறு எங்கு அமைவதென்பதையும் தீர்மானிக்கட்டும்.