திறமையா, நம்பகத்தன்மையா? – பனித்தரை ஹொக்கியின் தீராத வழக்கு

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஆடும் 32 அணிகளும் ஆண்டுதோறும் பதினெட்டு வயதை எட்டும் இளைஞர்களை ஏழு சுற்றுகளில் தெரிவு செய்கின்றன. அத்தெரிவு நெருங்கும்போதெல்லாம் ஒரே விவாதம் தலைதூக்குகிறது. மட்டையால் வித்தை காட்டி, தற்காப்புக்குத் திரும்பி வராத இளைஞனை எடுப்பதா? பெரிதாக எதையும் சாதிக்காமல், பிழையும் விடாமல் ஆடுபவனை எடுப்பதா? பின்னவனிடம் இருப்பதை 'நம்பகத்தன்மை' என்கின்றனர். அகதி விசாரணைகளில் எம்மவர்க்குப் பழகிய சொல்தான். இங்கே அதன் பொருள் வேறு.

நம்பகத்தன்மையை வலியுறுத்துவோர் உடனே காட்டும் பெயர் அலெக்சாண்டர் டெய்க். 1992-93 பருவத்தில் 53 ஆட்டங்களில் 137 புள்ளிகள் குவித்த அந்தக் கியூபெக் இளைஞரை 1993இல் ஒட்டாவா செனற்றேர்ஸ் அணி முதலாவதாகத் தெரிவு செய்தது. ஐந்தாண்டுகளுக்கு 1 கோடி 22 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் ஒப்பந்தமும் வழங்கியது. எதிர்பார்த்த நட்சத்திரம் உதிக்கவில்லை. இரண்டாவதாகத் தெரிவான பின்கள வீரர் கிறிஸ் புரோங்கரோ 2000இல் லீக்கின் அதிசிறந்த வீரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார்.

வலுவான சான்றுதான். ஆயினும் புரோங்கரும் வெறும் 'பத்திரமான' தெரிவு அல்லர். பக்கைக் கடத்துவதில் அவர் பெருந்திறன் கொண்டவர்.

மறுபுறம் பாவெல் தட்சூக்கை நோக்குவோம். 1998இல் டெட்ரோயிற் ரெட் விங்ஸ் அவரை எடுத்தபோது 170 பேர் முன்னதாகவே தெரிவாகியிருந்தனர். பின்னர் 2008 முதல் 2010 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக, தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி விருதை வென்றவர் அவரே. எதிரியின் மட்டையிலிருந்து பக்கைக் களவாடிய அதே கைகளே அவரது தற்காப்பு. திறமை அங்கே நம்பகத்தன்மைக்கு எதிரியாக அன்றி அதன் ஊற்றாக இருந்தது.

இன்னொரு விடயமும் உண்டு. பிழை விடாத சாதாரண வீரரை எந்த அணியும் கோடைக்காலச் சந்தையில் குறைந்த விலைக்கு வாங்கலாம். நட்சத்திர வீரர் அங்கே அரிதாகவே கிடைப்பார். அப்படியிருந்தும் பத்திரமான தெரிவே தேர்வாளரைக் கவர்வதன் காரணம் அச்சம் என்றே நாம் கருதுகிறோம். திறமைசாலி தவறினால் ஊர் பேசும். சாதாரணன் சாதாரணனாகவே முடிந்தால் எவரும் கேளார். பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்திய நாட்களில், பிழையும் இல்லாத, சிந்தனையும் இல்லாத தாள்களுக்கு மதிப்பெண் வழங்குவதே எமக்கு இலகுவாயிருந்தது.

எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதைப் பயிற்றுநர் இரண்டு பருவங்களில் கற்பித்துவிடலாம். ஆடும் வேட்கையைக் கற்பித்தல் கடினம். ஆகவே தேர்வாளர் பார்க்க வேண்டியது, பக்கை இழந்த அடுத்த கணத்தில் அந்த இளைஞன் அதைத் துரத்துகிறானா, தலையைத் தொங்கவிட்டு இருக்கைக்குத் திரும்புகிறானா என்பதையே.