பில்லியர்ட்ஸ் பயிற்சிக்குப் பணம் கொடுக்கலாமா?



சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தகப்பனார் நம்மை அணுகினார். "ஹஜ்ரத், பையன் பில்லியர்ட்ஸ் படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். மாசம் ஐயாயிரம் கேக்குறாங்க. மார்க்கத்துல கூடுமா?" என்றார். சிறு கடை வைத்திருப்பவர். மகளின் கல்லூரிக் கட்டணத் தவணையைச் சற்றுத் தள்ளிவைக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். அதுதான் நம்மை உறுத்தியது.

விளையாட்டு என்பதற்காகவே எதுவும் விலக்கப்பட்டதன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் வாகையராக வென்ற இலங்கையின் எம்.ஜே.எம். லாஃபிர் நம் சமுதாயத்தவரே.

ஆனால் இவ்வாட்டக் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு: தோற்றவரே மேசை வாடகை முழுவதையும் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இதைச் சூதென்று நினைப்பதேயில்லை. தோல்வியின் மேல் பணத்தை வைத்த பின் அதற்கு வேறு பெயர் ஏது? அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்து விலக்கியது இதைத்தான். வாடகையை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்து, பணம். ஒரு மாலை தந்தையுடனும் மகனுடனும் நாமும் சென்று அமர்ந்தோம். மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். நடுக்கோட்டில் உள்ள புள்ளிகளின் மேலாக வெள்ளைப் பந்தை எதிர்முனைக்கு அடித்து, அது அதே கோட்டில் திரும்பி வருகிறதா என்று பார்க்கச் சொன்னார் பயிற்சியாளர். ஒவ்வொரு முறையும் பந்து வலப்புறம் விலகியது. கண் தவறென்று பையன் நினைத்தான். பின்னால் நின்றிருந்த பயிற்சியாளரோ அவன் முழங்கை உடலை விட்டு வெளியே அசைவதைக் காட்டினார். தன் முழங்கையைத் தானே எவ்வாறு காண்பது? நிற்கும் நிலை, கோலைப் பிடிக்கும் பிடி, இடக்கையைத் தாங்கலாக வைக்கும் முறை ஆகியவற்றுக்குப் பிறர் கண் வேண்டும். அதற்குக் கொடுக்கும் பணம் வீணன்று என்பதே நம் கருத்து.

திருத்தத்தைக் கை பழகுவதற்கோ வாரக்கணக்கில் ஒரே அடியை மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டும். அதைத் தனியாகச் செய்யலாம். அந்நேரமெல்லாம் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக் கட்டணம் கொடுப்பது வீண்விரயம். மேசை வாடகை அதில் அடங்குமா என்று கேட்டோம், அடங்காதாம். (கோல் நுனியில் சுண்ணக்கட்டி தேய்த்தே வாடகை நேரத்தைக் கரைக்கும் பிள்ளைகளையும் அங்கே கண்டோம்.)

எனவே மாதக் கட்டணம் வேண்டாம், இரண்டு வார இடைவெளியில் நான்கு வகுப்புகள் போதும், மகளின் தவணை முதலில் என்றோம். தந்தை சம்மதித்தார். பயிற்சியாளரும் சற்றுத் தயங்கி இசைந்தார். மக்ரிபுக்கு முன் முடியும் நேரமாகவே கேட்டுப் பெற்றோம். மேசை வாடகையில் தன் பங்கைப் பெருநாள் காசிலிருந்து தருவதாகப் பையன் சொல்லியிருக்கிறான்.